இழுத்த கை

அவசரம் என்ற பட்டப்பெயரை அவனுக்கு வைத்தது நான்தான் என்று அவனுடைய அம்மா இன்றைக்கும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சத்தியமாக நான் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் அது. கடைசி மணி அடிப்பதற்கு முன்பே பையை மாட்டிக்கொண்டு நிற்பானாம். பெரியவனான பிறகும் டீயைக் கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொள்வான். டிராக்டரில் ஏறிப் பாதித் தூரம் போன பிறகுதான் காலில் செருப்பு இல்லாதது தெரியும். எல்லாம் உண்மை. ஆனால் மரத்தில் கை வைத்துவிட்டால் அவன் அவசரப்பட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் வேறு மாதிரி பேசுகிறது.

என்னுடைய வெல்டிங் பட்டறைக்கும் அவனுடைய விறகுக் கொட்டகைக்கும் நடுவில் மார்பளவு தகரத் தடுப்புதான். நின்றால் ஆள் தெரியும், உட்கார்ந்தால் பேச்சு கேட்கும். அவனிடம் ஒரு சின்ன டிராக்டர் உண்டு. பெரிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்தால், "பால்குடி மறந்துடுச்சா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நெருக்கமாக நிற்கிற இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து, ஒரு அடிமரத்தைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வர அந்தப் பெரிய வண்டிகளால் முடியாது.

அதன் பின்னால் மாட்டுகிற விறகு பிளக்கும் மெஷினைச் செய்து கொடுத்தது நான்தான். நீளமான இரும்பு உத்திரம். ஒரு முனையில் அசையாத ஆப்பு, மறுமுனையில் தள்ளுகிற தட்டு. நடுவில் கட்டையைப் படுக்க வைத்து லீவரை இழுத்தால், டிராக்டர் எஞ்சின் ஓடுகிற வேகத்தில் எண்ணெய் அழுத்தம் ஏறித் தட்டு நகர்ந்து வரும். கட்டையைக் கொண்டுபோய் ஆப்பில் குத்தும். கட்டை இரண்டாகப் பிளந்து விழும். லீவரைத் திருப்பித் தள்ளினால் தட்டு பின்னால் போய்விடும்.

லீவரைக் கட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைப்பதாகத்தான் இருந்தேன். வைக்கிறவனே இழுக்கட்டும் என்பது என் எண்ணம். அவன் மனைவிதான் தடுத்தாள்.

"அண்ணே, லீவர்ல நான்தான் நிக்கப்போறேன். அவ்வளவு பக்கத்துல வெச்சீங்கன்னா சிராயெல்லாம் கண்ணுல தெறிக்கும். தள்ளி, டிராக்டர் பக்கமா வெச்சுக் கொடுங்க."

"ஒத்த ஆளா வேலை செய்ய வேண்டி வந்தா என்னம்மா பண்ணுவீங்க? அங்க வெச்சா இங்க எட்டாதே."

"ஒத்த ஆளா எதுக்குச் செய்யணும்? நாங்க ரெண்டு பேரும் எங்க போகப்போறோம்?"

அவசரம் சிரித்தான். "அவ சொல்ற மாதிரியே வெச்சுடுங்கண்ணே. இல்லாட்டி எனக்குச் சாப்பாடு கிடைக்காது."

தள்ளியே வைத்துக் கொடுத்தேன்.

அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அவன் கட்டையைத் தூக்கி வைப்பான். அடுத்த கட்டைக்காகத் திரும்புவான். அவன் முதுகு திரும்பியதும் அவள் லீவரை இழுப்பாள். அவன் அடுத்த கட்டையோடு நிமிரும்போது விறகு இரண்டு பக்கமும் விழுந்திருக்கும், தட்டு பின்னால் போயிருக்கும். வை என்பதும் கிடையாது, இழு என்பதும் கிடையாது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள், முக்கியமாகச் சண்டை.

"உங்கம்மா நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீங்கதான் வீட்லயே இல்லையே."

"எப்பவும் சொல்றதத்தான் சொல்லியிருப்பா. இதுக்கு நான் வேற வீட்ல இருக்கணுமா?"

"நான் போட்ற டீ கழுவுன தண்ணி மாதிரி இருக்காம்."

"சரி, அதுல பொய் என்ன இருக்கு?"

இந்தப் பேச்சுக்கு நடுவே நாலு கட்டை பிளந்து விழுந்திருக்கும். அவள் அவன் மேல் எரிந்து விழுகிறபோதுகூட லீவர் முந்தியும் வராது, பிந்தியும் வராது. நான் கையில் வெல்டிங் கோலை வைத்துக்கொண்டு வேலையை மறந்து நின்றிருக்கிறேன்.

அப்போதெல்லாம் அவர்கள் பிளந்தது சவுக்கு. நேராக வளர்ந்து நேராகப் பிளக்கிற மரம். ஆப்பு தொட்டதும் பட்டென்று விட்டுவிடும். அதைத்தான் அவர்கள் உடம்பு பழகி வைத்திருந்தது.

பிறகுதான் புயல் வந்தது.

அதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ரோட்டின் இரண்டு பக்கமும் தாத்தா காலத்துத் தைலமரங்கள் நின்றன. காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் எல்லாம் ரோட்டின் குறுக்கே படுத்திருந்தன. வேர்கள் மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்கு நின்றன. காற்றெல்லாம் தைல வாசனை. ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்கு மூக்கடைப்பு விட்டது. கரண்ட் இல்லை, வண்டி போக வழியில்லை. ரோட்டு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "யார் வெட்டி அப்புறப்படுத்துறாங்களோ அவங்களே மரத்த எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் ஓடியது. கோடாலி இருந்தவன் கோடாலியோடு, அரிவாள் இருந்தவன் அரிவாளோடு. கிளைகளெல்லாம் காலியாயின. அடிமரங்கள் மட்டும் அப்படியே கிடந்தன. அதைத் தொட மெஷின் வாளும் டிராக்டரும் வேண்டும். அவை இரண்டும் வைத்திருந்தது அவசரம் ஒருவன்தான்.

புயலுக்குப் பிறகு அடித்த மாதிரி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. நிழல் தந்த மரங்களெல்லாம் விழுந்துகிடக்க, அந்த ரோட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வெந்தார்கள். அவன் அடிமரத்தை மெஷின் வாளால் முழம் முழமாக அறுப்பான். அவள் சங்கிலி போட்டு டிராக்டரில் இழுத்து ஓரம் கட்டுவாள். பிறகு இரண்டு பேருமாக உருட்டி டிரெய்லரில் ஏற்றுவார்கள். மதியத்துக்கு ரொட்டியும் அவித்த முட்டையும். மரத்தூள் ஒட்டிய கையோடு சாப்பிடுவார்கள். சாயங்காலம் கொட்டகைக்கு வந்தால் கண் இமை வரை தூள் படிந்து இரண்டு பேருக்கும் ஒரே முகமாக இருக்கும். கொட்டகை நிறைந்தது, முற்றம் நிறைந்தது, என் தகரத் தடுப்பு வரை கட்டைகள் அடுக்கியாயிற்று.

"இவ்வளவையும் என்னடா பண்ணப்போற?" என்று கேட்டேன்.

"ரொட்டிக்கடைக்காரரு மொத்தமும் எடுத்துக்கிறேன்னுட்டாரு. கரண்ட் வர்றதுக்கு எப்படியும் நாளாகும். அவருக்கு அடுப்பு அணையக்கூடாது."

"அப்புறம் என்ன, ராஜாதான்."

"எங்கண்ணே. தைலமரம் பச்சையா இருக்கிறப்பவே பிளந்துடணும். காஞ்சிடுச்சுன்னா இரும்பு. உங்க ஆப்பே மழுங்கிப் போயிடும்."

அவசரத்துக்குக் காரணம் அதுதான். இந்த முறை அவசரம் மரத்தினுடையது.

தைலமரம் சவுக்கு மாதிரி இல்லை. அதிலும் ஏரிக்காற்றை வாங்கிக்கொண்டே வளர்ந்த மரங்கள். உள்ளே நார் முறுக்கிக்கொண்டு போயிருந்தது. ஆப்பு பாதி ஏறும், கட்டை வாயைத் திறக்கும், ஆனால் விடாது. இரண்டு பாதியும் நாரில் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் தட்டைப் பின்னால் அனுப்புவாள். அவன் கட்டையைப் பிடுங்கித் திருப்பி வைப்பான். மறுபடி இழுப்பாள். சிலது ஒரே அடியில் போகும், சிலது மூன்று தடவை கேட்கும். எது எப்படிப் போகும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

"இந்த மரத்துக்கு உங்கம்மா புத்தி" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"வாய மூடிட்டு இழுடி" என்று அவன் சொன்னதும் கேட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கரண்ட் இல்லாததால் நான் கேஸ் வெல்டிங்கில் ஒரு கேட்டுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல். அவன் கத்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போனேன். தட்டு பின்னால் போயிருந்தது. அவன் உத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் மடியில் பிடித்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் லீவர் பக்கத்தில் நின்றாள். லீவரில் இருந்து கையை எடுக்கவில்லை.

என்ன நடந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பிளக்காத கட்டையைத் திருப்பி வைத்திருக்கிறான். அடுத்த கட்டைக்காகத் திரும்பும்போது அது உருண்டிருக்கிறது. சரியாக வைக்க இரண்டாம் தடவை கையை விட்டிருக்கிறான். பழகிய பழக்கத்தில் அவள் இழுத்துவிட்டாள். கட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் அவன் கை.

ரொட்டிக்கடை வேனில் கொண்டுபோனோம். டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க முயன்றார்.

"எப்படி ஆச்சு?"

"நானே பண்ணிக்கிட்டேங்க" என்றான் அவசரம். "ஒரு கைல கட்டையப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைல லீவர இழுத்துட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு. நீ அங்க இல்லவே இல்ல. வீட்டுக்குள்ள டீ போட்டுட்டு இருந்த." அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். வலியில் உதடு வெளுத்துக் கிடந்தது. ஆனாலும் அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அந்த லீவர் அந்த இடத்திலிருந்து எட்டாது என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதை டாக்டரிடம் சொல்ல நான் யார்?

மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நின்றன, நடுவில் ஒன்றுமில்லை.

அவன் சொன்ன பொய்யை ஊர் ஒரு நொடியில் நம்பிவிட்டது. பெயரே சாட்சி சொன்னதே. "அவசரம் அவசரத்துல கைய விட்டுட்டான்" என்று டீக்கடையில் பேசினார்கள். ரொட்டிக்கடைக்காரர் பார்க்க வந்து பன் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இனிமேலாவது நிதானமா இருப்பா. வெட்ட இன்னொரு கைதான் பாக்கி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அவசரமும் கூடச் சிரித்தான். அவன் மனைவி அந்தப் பக்கமாகத் திரும்பித் துணி மடித்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அவன் அம்மாதான் எல்லாவற்றையும் மோசமாக்கினாள். மோசமாக்கியது அவள் வாய் இல்லை, அன்பு. கல்யாணமான நாளிலிருந்து மருமகளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், இப்போது மாறிவிட்டாள். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"இந்தப் பொண்ணு பக்கத்துல இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? நான் கடைக்குப் போயிருந்தேன், இவ டீ போட உள்ள போயிருக்கா. அந்த நேரம் பாத்து இவனுக்கு அப்படி என்ன அவசரம்? எம்புள்ளைய இவதான் இத்தன நாளு பத்திரமாப் பாத்துக்கிட்டா. எனக்குத்தான் புத்தியில்லாம போச்சு, இவள எவ்வளவு பேசியிருக்கேன்."

மருமகள் தலை குனிந்து நிற்பாள். மாமியார் தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைப்பாள். "சாப்பிடும்மா, உடம்பு எப்படிக் கரைஞ்சு போச்சு பாரு" என்பாள். அவள் சாப்பிட மாட்டாள்.

நாள்கள் போயின. கட்டு பிரித்தாயிற்று. வெயில் போய் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் அடுக்கிய தைலமரக் கட்டைகள் நனைந்தன, விட்டு விட்டுக் காய்ந்தன, ஓரம் வெடித்தன. அடி வரிசையில் வெள்ளையாகக் காளான் பூத்தது. டிராக்டரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி நின்றது. யாரும் அதைச் சாய்த்து ஊற்றவில்லை. அவன் வாசல்படியில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பித்தான் போடப் பழகிக்கொண்டிருப்பான். அவள் வந்து போட்டுவிடுவாள். அவன் விட்டுவிடுவான். இரண்டு பேரும் பேசிக்கொள்வது என் காதில் விழும். "வெந்நி போடட்டுமா?" "போடு." "வலிக்குதா?" "இல்ல." அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு மரியாதையான பேச்சை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஒரு நாள் மழை விட்டிருந்தபோது அவள் தடுப்பின் அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்ககிட்ட அவர் ஏதாவது சொன்னாரா?"

"எதப்பத்திம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணே. அந்த லீவர வெச்சதே நீங்கதான்."

நான் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். "ஒண்ணும் சொல்லலம்மா."

"எங்கிட்டயும் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. ஆஸ்பத்திரில சொன்ன பொய்ய எங்கிட்டயே சொல்றாரு. நான் அழுதா, 'நீ ஏன் அழற, நீதான் அங்க இல்லையே' ங்கறாரு. கதவச் சாத்திட்டு நாங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கிறப்பவும் அதத்தான் சொல்றாரு."

"உன்ன யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு பாக்கறான்."

"சொல்லட்டுமே. ஊரே சொல்லட்டும். அத்தை என்னைய விளக்குமாத்தால அடிக்கட்டும். அது வலிக்கும், அப்புறம் போயிடும். அவங்க முட்டைய எடுத்து என் தட்டுல வெக்கறாங்கண்ணே. எனக்குத் தொண்டையில எறங்குமா?" அவள் தகரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்டிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "அவர் ஒரு தடவ என்னைத் திட்டிட்டா நான் சோறு திம்பேன். அறைஞ்சாலும் பரவால்ல. அந்தக் கையால அறையட்டும்."

இரும்பைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். "நான் அவன்கிட்டப் பேசறேம்மா" என்றேன்.

பேசினேன். என்னுடைய பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினேன்.

"டேய், அந்தப் பொண்ணு சாப்பிடறதில்ல."

"பாத்துட்டுதான இருக்கேன்."

"அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசேன். தெரியாம நடந்துடுச்சு, நீ இழுத்த, போகட்டும் விடுன்னு சொல்லேன். பொய்ய ஊருக்குச் சொல்லிக்கோ. அவகிட்ட எதுக்கு?"

அவன் வலது கையை மடியில் விரித்து வைத்தான். போன விரல்களின் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி நான் ஒண்ணும் பெரிய மனுஷன் இல்ல. அவள நான் ஒரு வார்த்த சொன்னேன்னா, அந்த ஒண்ணோட நிக்காது. உள்ள அவ்வளவு இருக்கு. அது வெளிய வந்தா அப்புறம் ஒரே வீட்ல இருக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. மூடி வெச்சிருக்கிறதால வீடுன்னு ஒண்ணு இருக்கு."

"இப்ப இருக்கறதுக்குப் பேரு வீடா?"

"இல்லதான்" என்றான். எழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு ரொட்டிக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். விறகு தர முடியுமா, இல்லை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தார். அவர் மேலும் தப்பில்லை. அவசரம் வந்த ஆளிடம், "நாளைக்கே ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பியதை நான் கேட்டேன். யாரை வைத்து ஆரம்பிக்கப்போகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் டிராக்டரின் சத்தம் கேட்டது. அத்தனை நாள் மழையில் கிடந்தும் அந்தக் குட்டி வண்டி இரண்டு தும்மலில் பிடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்தது. முற்றமெல்லாம் ஊறிய பட்டையும் சேறும். மெஷினில் ஒட்டியிருந்த துருவை அவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வா" என்றான். "லீவருக்கு வா. கட்டைய நான் ஒத்தக் கைலயே உருட்டிக்குவேன்."

"நான் லீவரத் தொட மாட்டேன்."

"வேற யாரு தொடுவா? ஒண்ணும் ஆகாது, வா."

"நீங்க லீவர்ல நில்லுங்க. இடது கையால இழுக்கலாம்ல? கட்டைய நான் வெக்கறேன்."

அவன் யோசித்தான். அது சரியான யோசனைதான். நானே அதைச் சொல்லியிருக்கலாம். லீவர் பக்கம் போய் நின்றான். அவள் குனிந்து ஒரு கட்டையை மடியில் சாய்த்துத் தூக்கினாள். நல்ல கனம், ஈரம் குடித்த கட்டை. உத்திரத்தின் மேல் கிடத்தினாள். அவள் திரும்புவாள் என்று அவன் லீவரில் கை வைத்துக் காத்திருந்தான்.

அவள் திரும்பவில்லை. வலது உள்ளங்கையைத் தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"கைய எடு" என்றான்.

"இழுங்க."

"என்ன விளையாடறியா? கைய எடுடி."

"எடுக்க மாட்டேன். ஒண்ணு இழுங்க. இல்லாட்டி சொல்லுங்க."

"என்ன சொல்லச் சொல்ற?"

"யாரு இழுத்தான்னு சொல்லுங்க."

அவன் எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நான் தடுப்பைத் தாண்டப் போனவன், அவன் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. அடுப்படிக் கதவில் அவன் அம்மா நின்றிருந்தாள், இரண்டு கையிலும் டீ டம்ளர். எஞ்சின் சத்தம் கேட்டதும் பிள்ளையும் மருமகளும் வேலை ஆரம்பித்துவிட்ட சந்தோஷத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவர்கள் இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை.

"நீதான் இழுத்த" என்றான்.

அவள் கையை எடுத்தாள். கட்டை அடுக்கில் சாய்ந்தாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீதான் இழுத்த" என்றான் மறுபடி. "கட்ட உருண்டது, நான் குனிஞ்சேன், நீ என்னைப் பாக்கவே இல்ல. ஏரிப் பக்கம் பாத்துட்டு இழுத்த. இத்தன வருஷம் பாக்காம இழுத்துப் பழகிட்ட. நான் அங்க இருக்கேனா இல்லையான்னு உனக்குக் கவலையே இல்ல. கை போன அப்புறமும் நீ லீவரப் புடிச்சுட்டே நின்ன. தட்டு திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? எனக்குத் தெரியும். நீ பித்தான் போட்டு விடறப்பல்லாம் உன் விரல எண்ணிட்டு இருக்கேன். அஞ்சும் இருக்கு. ஒடிச்சுப் போடணும்னு தோணுது. ஊருக்கு முன்னாடி நான் கோமாளியா நின்னேன், உனக்காக நின்னேன், அதுக்கும் உம்மேலதான் எனக்கு ஆத்திரம் வருது."

குரலை உயர்த்தாமலே சொன்னான். சேற்றைப் பார்த்துக்கொண்டு, அழாமல், நிறுத்தாமல் சொன்னான். அவள் அழுதாள், ஆனால் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் அம்மா முற்றத்தில் இறங்கி வந்தாள். ஒரு டம்ளரை மகன் பக்கத்தில் கட்டை மேல் வைத்தாள். மற்ற டம்ளர் கையில் இருந்தது. மருமகளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். அந்த டீயைச் சேற்றில் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவுச் சத்தத்துக்கு அவன் பேச்சு நின்றது. சாத்திய கதவைப் பார்த்தான். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"சொல்லுங்க" என்றாள்.